பற்களின் எண்ணிக்கையிலிருந்து செல் அடுக்குகள் வரை: மாஸ் காப்சூலும் தாவர வகைப்பாட்டின் வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

மாஸ் தாவரங்களின் காப்சூல் வாயைச் சூழ்ந்துள்ள பெரிஸ்டோம் என்னும் பல்வரிசை, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி முதல் அத்தாவரங்களின் வகைப்பாட்டுக்கு முதன்மைச் சான்றாக இருந்துவருகிறது. முதலில் பற்களின் இருப்பும் எண்ணிக்கையும் கணக்கில் கொள்ளப்பட்டன. பின்னர் பற்களின் கட்டமைப்பு ஆராயப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் இளங்காப்சூலின் செல் அடுக்குகளில் அப்பற்கள் உருவாகும் முறை சான்றாகக் கொள்ளப்பட்டது. இம்மூன்று நிலைகளையும் வரலாற்று நோக்கில் ஆராயும் இக்கட்டுரை, வகைப்பாட்டில் ஓர் உறுப்பின் மதிப்பு அதன் முதிர்ந்த தோற்றத்தைக் காட்டிலும் அது உருவாகும் முறையிலேயே தங்கியுள்ளது என்பதை நிறுவ முற்படுகிறது. டகாக்கியா, ஃபூனேரியா குடும்பம் ஆகிய இரண்டும் இதற்கு எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

குறிச்சொற்கள்: மாஸ், காப்சூல், பெரிஸ்டோம், வகைப்பாட்டியல், ஹெட்விக், ஃபிலிபேர், ஃபூனேரியா, டகாக்கியா.

முன்னுரை

தமிழில் பாசி என்னும் சொல் குளத்து நீரில் படரும் பசுமையையும் மழைக்காலச் சுவரில் படரும் பசுமையையும் ஒருசேரக் குறிக்கும். தாவரவியல் பாடநூல்கள் பாசி என்பதை ஆல்காக்களுக்கு உரியதாக்கி, சுவரிலும் பாறையிலும் மரப்பட்டையிலும் மெத்தைபோல் வளரும் சிறு தாவரங்களை மாஸ் என்றே வழங்குகின்றன. இக்கட்டுரையும் அவ்வழக்கையே பின்பற்றுகிறது.

மாஸ்களுக்குப் பூவும் விதையும் இல்லை. லின்னேயஸ் பூக்கும் தாவரங்களை மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையைக் கொண்டு வகுத்தார். அத்தகைய ஓர் அளவுகோல் மாஸ்களுக்குக் கிட்டவில்லை. அவற்றின் இலைகள் மிகச் சிறியன. வாழிடத்தின் ஈரத்துக்கும் ஒளிக்கும் ஏற்ப உருமாறக்கூடியன. ஆகவே இலையைக் காட்டிலும் நிலையான ஓர் உறுப்பை வகைப்பாட்டாளர்கள் தேடினர். அத்தேடலில் அகப்பட்டது காப்சூல். இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக அவ்வோர் உறுப்பின்மீது மாஸ் வகைப்பாட்டின் பெரும்பகுதி கட்டப்பட்டது. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரியானது, எவ்விடத்தில் தவறியது, ஏன் தவறியது என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள்.

காப்சூலின் அமைப்பு

மாஸின் வாழ்க்கைச் சுழற்சியில் இரு தலைமுறைகள் மாறிமாறி வருகின்றன. கண்ணில் படும் பச்சைத் தாவரம் கேமீட்டகத் தாவரம். அதில் உருவாகும் ஆந்திரிடியத்திலிருந்து வெளிவரும் ஆண் இனச்செல், ஆர்க்கிகோனியத்தில் உள்ள முட்டையைக் கருவுறச் செய்கிறது. கருமுட்டையிலிருந்து வளர்வது வித்தகத் தாவரம். இது தாய்த் தாவரத்தின்மீதே ஊன்றி நின்று, அதனிடமிருந்து உணவு பெறுகிறது. இதன் அடியில் பாதம், நடுவில் சீட்டா எனப்படும் காம்பு, நுனியில் காப்சூல் என மூன்று பகுதிகள் உண்டு.

இளங்காப்சூலைக் காலிப்ட்ரா என்னும் மெல்லிய தொப்பி மூடியிருக்கும். அது உதிர்ந்தபின் ஓபர்குலம் என்னும் மூடி வெளிப்படும். பெரும்பாலான மாஸ்களில், காப்சூல் முதிர்ந்ததும் இம்மூடி கழன்று விழும். அப்போது வாய் விளிம்பில் வட்டமாக நிற்கும் பற்கள் புலப்படும். இப்பல்வட்டமே பெரிஸ்டோம். ஃபூனேரியா ஹைக்ரோமெட்ரிகாவில் வெளியே பதினாறு பற்களும் உள்ளே பதினாறு பற்களும் உள்ளன. வெளிப்பற்கள் காற்றின் ஈரப்பதத்தை உணர்ந்து அசைகின்றன. ஈரமான வேளையில் வாயை மூடியும் வறண்ட வேளையில் விரிந்தும், வித்துகள் சிறிது சிறிதாகக் காற்றில் பரவ அவை உதவுகின்றன.

எல்லா மாஸ்களிலும் இவ்வமைப்பு இல்லை. ஸ்பேக்னத்தில் மூடி உண்டு, பற்கள் இல்லை. ஆண்ட்ரியேயாவின் காப்சூல் பக்கவாட்டில் நீளவாக்கிலான பிளவுகளால் திறக்கிறது. டெட்ராஃபிஸில் நான்கே பற்கள். பாலிட்ரைக்கத்தில் பெரும்பாலும் அறுபத்து நான்கு குறும்பற்கள். அவற்றின் நுனிகளை இணைத்து ஒரு சவ்வு வாயின்மேல் பரவியிருக்கும். வெறுங்கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் ஓர் உறுப்பில் இத்தகைய வேறுபாடு இருப்பதே நுண்ணோக்கி ஏந்திய வகைப்பாட்டாளர்களை ஈர்த்தது.

மகரந்தப்பை எனக் கருதப்பட்ட காப்சூல்

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த யோஹான் யாக்கோப் தில்லேனியஸ் 1741ஆம் ஆண்டில் மாஸ்களின் வரலாறு குறித்த பெருநூலை வெளியிட்டார். மாஸ்களோடு லிவர்வொர்ட்டுகள், லைக்கன்கள் முதலியவற்றையும் உள்ளடக்கிய அந்நூலின் படங்கள் நீண்ட காலம் வரையறைச் சான்றுகளாக விளங்கின. எனினும் காப்சூலை அவர் மகரந்தப்பையாகவும் அதிலுள்ள தூளை மகரந்தமாகவும் கருதினார். லின்னேயஸ் 1753ஆம் ஆண்டின் தம் சிற்றின நூலில் மாஸ்களைக் கிரிப்டோகேமியா என்னும் வகுப்பில் சேர்த்தபோது இக்கருத்தையே ஏற்றார்.

இது வெறும் பெயரிடல் பிழை அன்று. காப்சூல் மகரந்தப்பை என்றால் பெண்ணுறுப்பு வேறெங்கோ இருக்க வேண்டும். அதைத் தேடியவர்கள் இலைக்கோணங்களில் தென்பட்ட மொட்டுகளையும் பிற பகுதிகளையும் பெண்ணுறுப்பு எனக் கொண்டனர். ஓர் உறுப்பு எதனின்று வளர்கிறது, எதைத் தருகிறது என்பதை அறியாமல், பூக்கும் தாவரத்தின் சாயலை அதன்மீது ஏற்றியதன் விளைவு இது.

ஹெட்விக்கின் வகைப்பாடு

இந்நிலையை மாற்றியவர் யோஹான் ஹெட்விக் (1730–1799). டிரான்சில்வேனியாவில் பிறந்த இவர், கெம்னிட்ஸிலும் பின்னர் லைப்சிக்கிலும் மருத்துவராகப் பணியாற்றியவாறே மாஸ்களை ஆராய்ந்தார். 1789ஆம் ஆண்டில் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியரானார். 1782ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய நூலிலும், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தின் பரிசைப் பெற்று 1784ஆம் ஆண்டில் அச்சான நூலிலும், மாஸின் உண்மையான இனப்பெருக்க உறுப்புகளை அவர் விளக்கினார். இன்று ஆந்திரிடியம், ஆர்க்கிகோனியம் என வழங்கும் உறுப்புகளே ஆண், பெண் உறுப்புகள் என்றும், காப்சூல் கருவுற்ற பெண்ணுறுப்பின் விளைவு என்றும் அவர் காட்டினார். காப்சூல் மகரந்தப்பை என்ற நிலையிலிருந்து கனி என்ற நிலைக்கு உயர்ந்தது.

கனி வகைப்பாட்டுக்கு ஏற்ற உறுப்பு என்பது அக்காலத் தாவரவியலின் பொதுக்கருத்து. ஆகவே காப்சூலின் வாய்ப்பகுதியை அடிப்படையாகக் கொண்டு பேரினங்களை வகுக்கும் முறையை ஹெட்விக் உருவாக்கினார். அவர் மறைந்தபின் மாணவர் ஷ்வேக்ரிஹென் பதிப்பித்து 1801ஆம் ஆண்டில் வெளியான மாஸ் சிற்றினங்கள் பற்றிய நூல் இம்முறையின் முழுவடிவம். அதில் 77 வண்ணப் படத்தட்டுகள் இடம்பெற்றன. தாவரப் பெயரிடல் விதிகள் ஸ்பேக்னம் நீங்கலான மாஸ்களின் பெயர்களுக்கு இந்நூலையே தொடக்கப் புள்ளியாகக் கொள்கின்றன. பூக்கும் தாவரங்களுக்கு 1753 எவ்வாறோ அவ்வாறே மாஸ்களுக்கு 1801.

ஹெட்விக்கின் முறை எளிமையானது. மூடி திறவாத காப்சூல் கொண்டவை ஃபாஸ்கம். மூடி உண்டு, பற்கள் இல்லை எனில் கிம்னோஸ்டோமம். நான்கு பற்கள் எனில் டெட்ராஃபிஸ். ஒற்றை வரிசைப் பற்கள் கொண்டவை ஒரு தொகுதி. இரட்டை வரிசை கொண்டவை மற்றொரு தொகுதி. பற்கள் பிளவுபட்டனவா, முறுக்குண்டனவா என்பன பேரினங்களைப் பிரித்தன. நுண்ணோக்கி ஒன்றும் முதிர்ந்த காப்சூல் ஒன்றும் இருந்தால் எவரும் ஒரு மாஸின் பேரினத்தைத் தீர்மானிக்க முடிந்தது.

இம்முறை தந்த எண்கள் வியப்புக்குரியன. பற்கள் 4, 8, 16, 32, 64 என்றே பெரிதும் அமைந்தன. இவை யாவும் இரண்டின் அடுக்குகள். ஏன் இவ்வெண்கள் மட்டும் வருகின்றன என்பதற்கு விடை முதிர்ந்த பல்லில் இல்லை. அவ்விடை இளங்காப்சூலுக்குள் இருந்தது. அதைக் காணப் பல பத்தாண்டுகள் கழிந்தன.

எண்ணிக்கையின் எல்லை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஆசியாவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஐரோப்பாவுக்கு மாஸ் மாதிரிகள் குவிந்தன. ஹெட்விக்கின் பெட்டகங்களில் அவை எளிதில் அடங்கவில்லை. இலையிலும் தண்டிலும் முற்றிலும் ஒத்த இரு மாஸ்கள், ஒன்றில் பற்கள் இன்மையால் மட்டும் வெவ்வேறு பேரினங்களில் வைக்கப்பட்டன. கிம்னோஸ்டோமம் என்பது உறவற்ற பல மாஸ்கள் ஒதுங்கும் இடமாயிற்று. பற்கள் இல்லை என்பது ஒரு பொதுமை அன்று. பொதுமையின் இன்மையே அது.

மாற்று வழிகள் தோன்றின. பிரிடெல் 1826–1827ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட நூலில், வித்தகத் தாவரம் தண்டின் நுனியில் தோன்றுகிறதா பக்கத்தில் தோன்றுகிறதா என்பதற்கு முக்கியத்துவம் தந்தார். புரூக், ஷிம்பர், கும்பல் ஆகியோர் 1836 முதல் 1855 வரை வெளியிட்ட ஐரோப்பிய மாஸ் நூல், ஒரு பண்பை மட்டும் பற்றாமல் தாவரம் முழுவதையும் விரிவாகப் படமாக்கியது. கார்ல் மியுல்லர் போன்றோர் இலைச்செல்களின் வலையமைப்பை நாடினர்.

இதே காலத்தில் கோட்பாட்டு நிலையிலும் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்தது. 1851ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர் மாஸ்கள், பெரணிகள், ஊசியிலை மரங்கள் ஆகியவற்றின் கருவளர்ச்சியை ஒப்பிட்டுத் தலைமுறை மாற்றம் என்னும் கொள்கையை நிறுவினார். அதன்படி காப்சூல் கனி அன்று. ஒரு தனித் தலைமுறையின் உடலே அது. அதிலுள்ளவை விதைகளும் அல்ல, வித்துகளே. ஹெட்விக் தம் முறைக்கு அடிப்படையாகக் கொண்ட கனிக்கொள்கை இவ்வாறு வீழ்ந்தது. ஆனால் அக்கொள்கையின்மேல் எழுந்த பல்வகைப்பாடு வீழவில்லை. ஒரு பண்பைத் தேர்ந்தமைக்குக் கூறப்பட்ட காரணம் தவறாக இருந்தும், அப்பண்பு பயனுடையதாகவே நீடித்தது. அப்பயனுக்கு உண்மையான காரணம் எது என்ற வினா அடுத்த தலைமுறையினரிடம் சென்றது.

மிட்டனும் ஃபிலிபேரும்: பல்லின் கட்டமைப்பு

அவ்வினாவுக்கான முதல் விடை ஓர் இந்திய மாஸ் பட்டியலோடு தொடர்புடையது. வில்லியம் மிட்டன் 1859ஆம் ஆண்டில் இந்திய நிலப்பகுதிகளின் மாஸ்களைத் தொகுத்து வெளியிட்டார். இமயமலை முதல் தென்னிந்திய மலைகள், இலங்கை வரையிலான மாதிரிகள் அதில் இடம்பெற்றன. பற்களை எண்ணுவதோடு நில்லாமல், பல் எதனால் ஆனது என்று நோக்கி, மாஸ்களை இரு பெரும் பிரிவுகளாக அவர் பகுத்தார். பாலிட்ரைக்கம் முதலியவற்றில் ஒவ்வொரு பல்லும் தடித்த சுவருடைய முழுச்செல்களின் கற்றை. இதை இழைப்பல் வகை எனலாம். பிறவற்றில் பல் முழுச்செல்களால் ஆனதன்று. செல்களின் சுவர்த்துண்டுகள் மட்டும் ஒட்டி நின்று, குறுக்குக் கோடுகளோடு கணுக்கணுவாகத் தோன்றுவது. இதைக் கணுப்பல் வகை எனலாம்.

இப்பார்வையை முழுமைப்படுத்தியவர் ஆன்ரி ஃபிலிபேர் (1822–1901). பிரான்சின் எக்ஸ் நகரில் மெய்யியல் பேராசிரியராக இருந்த இவர், 1884ஆம் ஆண்டு முதல் பெரிஸ்டோம் குறித்த கட்டுரைத்தொடரைப் பிரையாலஜி இதழொன்றில் எழுதினார். கணுப்பல் வகையை அவர் மேலும் இரண்டாகப் பிரித்தார். சில மாஸ்களில் பல்லின் வெளிப்புறத்தில் ஒரே நெடுவரிசையில் செதில்கள் அமைகின்றன. வேறு சிலவற்றில் நடுவே ஒரு நெடுங்கோடு ஓட, அதன் இருபுறமும் இரு நெடுவரிசைகள் அமைகின்றன. முன்னது ஒற்றைச்செதில் வகை. பின்னது இரட்டைச்செதில் வகை.

இப்பகுப்பின் சிறப்பு, பற்களின் எண்ணிக்கையைச் சாராமையே. பல் முழுதாயினும் பிளந்ததாயினும் குட்டையாயினும், செதில் வரிசை ஒன்றா இரண்டா என்பது மாறுவதில்லை. எண்ணால் பிரிந்து கிடந்த மாஸ்கள் இதனால் உறவின் அடிப்படையில் ஒன்றுசேர்ந்தன. மாக்ஸ் ஃபிளெய்ஷர் சாவகத்தின் பொய்ட்டன்சோர்க் பகுதி மாஸ்களைப் பற்றி எழுதிய பெருநூலில் (1900–1923) இக்கொள்கையை முழு வகைப்பாடாக விரித்தார். ஃபின்லாந்து அறிஞர் புரோத்தெருஸ் 1924–1925ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட உலக மாஸ் தொகுப்பு அம்முறையை ஏற்றதால், அது உலகெங்கும் உள்ள உலர்தாவரத் தொகுப்பகங்களில் நிலைபெற்றது.

வளர்ச்சியை நோக்கித் திரும்பல்

ஃபிலிபேர் பெரும்பாலும் முதிர்ந்த பற்களையே நோக்கினார். செதில் வரிசை ஒன்றாகவும் இரண்டாகவும் ஏன் அமைகிறது என்பதை அறிய, பல் உருவாகுமுன் காப்சூலைக் குறுக்கே வெட்டிப் பார்க்க வேண்டும். லன்ட்சியஸ்–பெனிங்கா 1850ஆம் ஆண்டிலேயே காப்சூலின் உள்ளமைப்பை ஆராய்ந்து வழிகாட்டியிருந்தார். 1913ஆம் ஆண்டில் எவன்ஸ், ஹூக்கர் ஆகியோர் செரடோடான் பர்ப்யூரியஸின் பெரிஸ்டோம் வளர்ச்சியைப் படிப்படியாக விளக்கினர். 1941ஆம் ஆண்டில் புளூம்குவிஸ்ட், ராபர்ட்சன் ஆகியோர் ஆலகோம்னியம் என்னும் மாஸில் இதே ஆய்வைச் செய்து, பல்லை உருவாக்கும் மூன்று செல் அடுக்குகளுக்கு உள், முதன்மை, வெளி எனப் பெயரிட்டனர். இம்மூன்றடுக்குக் கோட்பாடே இன்றுவரை அடிப்படையாக உள்ளது.

அடுக்குகள் தோன்றும் முறை தெளிவானது. இளம் வித்தகத் தாவரத்தின் குறுக்குவெட்டில் முதலில் நான்கு காற்பகுதிகள் அமைகின்றன. அவை பகுந்து நடுவில் நான்கு செல்களும் அவற்றைச் சூழ எட்டுச் செல்களும் உண்டாகின்றன. நடுப்பகுதி வித்துகளையும் மையத்தூணையும் தரும். சூழ்பகுதியின் எட்டுச் செல்கள் சுற்றுக்கு இணையாகப் பகுந்து, உட்புறம் எட்டுச் செல்கள் கொண்ட உள்ளடுக்கைத் தருகின்றன. வெளிப்புற எட்டும் ஆரவாக்கில் பகுந்து பதினாறாகின்றன. அவை மீண்டும் சுற்றுக்கு இணையாகப் பகுகையில் உட்புறம் நிற்கும் பதினாறே முதன்மையடுக்கு. எஞ்சியவை இவ்வாறே முப்பத்திரண்டாகி வெளியடுக்கைத் தருகின்றன. ஹெட்விக் கண்ட எண்கள் இரண்டின் அடுக்குகளாக அமைந்தமைக்குக் காரணம் இதுவே. பற்களின் எண்ணிக்கை, தொடக்ககாலச் செல்பகுப்புகளின் பதிவு.

பல் உருவாவதும் இவ்வடுக்குகளிடையேதான். அடுத்தடுத்த இரு அடுக்குகள் தொடும் சுவர் இருபுறமும் தடிக்கிறது. தடிக்காத சுவர்கள் காப்சூல் முதிர்கையில் கரைந்து மறைகின்றன. தடித்த தகடுகள் மட்டும் பற்களாக எஞ்சுகின்றன. வெளியடுக்குக்கும் முதன்மையடுக்குக்கும் இடையே உருவாவது புறப்பல்வரிசை. முதன்மையடுக்குக்கும் உள்ளடுக்குக்கும் இடையே உருவாவது அகப்பல்வரிசை. பதினாறு புறப்பற்கள் ஒவ்வொன்றின் வெளிமுகத்திலும் முப்பத்திரண்டில் இரண்டு செல்வரிசைகள் பதிகின்றன. ஆகவே அது இரட்டைச்செதில். ஒற்றைச்செதில் வகையில் புறப்பல்வரிசை இல்லை அல்லது எச்சமாகவே உள்ளது; காணப்படும் பல் அகப்பல்வரிசைக்கு நிகரானது. அதன் வெளிமுகத்தில் பதிவது பதினாறு செல்கள் கொண்ட முதன்மையடுக்கு. ஆகவே ஒரே வரிசை. ஒரே தோற்றமுடைய பதினாறு பற்கள் இருவேறு இடங்களில் உருவாகக்கூடும் என்பதை முதிர்ந்த காப்சூலை எண்ணிய எவரும் அறிந்திருக்க இயலாது.

1979, 1984ஆம் ஆண்டுகளில் ஷான் எட்வர்ட்ஸ் இவ்வறிவை ஓர் எளிய வாய்பாடாக்கினார். காப்சூல் சுற்றளவின் எட்டிலொரு பகுதியில் வெளி, முதன்மை, உள் அடுக்குகளில் உள்ள செல்களின் எண்ணிக்கையே அவ்வாய்பாடு. ஒற்றைச்செதில் வகைக்கு 4:2:3, ஃபூனேரியாவுக்கு 4:2:4, பிரையம் வகைக்கு 4:2:4 முதல் 4:2:14 வரை. முதல் இரு எண்கள் எங்கும் ஒன்றே. வேறுபாடு உள்ளடுக்கில்தான் நிகழ்கிறது. ஃபூனேரியாவில் அகப்பற்கள் புறப்பற்களுக்கு நேராகவும், பிரையத்தில் புறப்பற்களின் இடைவெளிகளுக்கு நேராகவும் நிற்பது இவ்விரண்டையும் பிரிக்கும் மற்றொரு பண்பு.

1980களில் ஜோனதன் ஷா, லூயிஸ் ஆண்டர்சன், பிரெண்ட் மிஷ்லர் ஆகியோர் இறுதி எண்ணிக்கையை மட்டுமன்றி, அதை அடையும் பகுப்பின் வரிசையையும் ஆராயத் தொடங்கினர். ஃபூனேரியாவில் உள்ளடுக்குச் செல் சமமாகப் பகுகிறது. ஒற்றைச்செதில் வகையில் அது சமமின்றிப் பகுகிறது. பெரிய செல் மீண்டும் பகுவதால் மூன்று என்னும் எண் கிட்டுகிறது. 1987ஆம் ஆண்டில் டிஃபைசியத்திலும் அதே சமமற்ற பகுப்பு இருப்பதை அவர்கள் காட்டினர். டிஃபைசியம் ஒற்றைச்செதில் குழுவைச் சேர்ந்ததன்று. ஆகவே சமமற்ற பகுப்பு அக்குழுவுக்கே உரிய புதுமை எனக் கொள்வது அரிதாயிற்று. வளர்ச்சிப் பண்பும் தன்னளவில் தீர்ப்பாகாது, பிற சான்றுகளோடு ஒப்பிட்டே உறவைக் கூறவேண்டும் என்னும் எச்சரிக்கை இதில் உண்டு.

காப்சூல் தீர்த்துவைத்த சிக்கல்: டகாக்கியா

காப்சூலின் சான்றுவலிமைக்குத் தக்க எடுத்துக்காட்டு டகாக்கியா. 1958ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள் ஹட்டோரி, இனோவே ஆகியோர் இப்பேரினத்தை விவரித்தபோது அதில் காப்சூல் காணப்படவில்லை. பிளவுண்ட நுண்ணிலைகளைக் கொண்டு அது லிவர்வொர்ட்டுகளோடு சேர்க்கப்பட்டது. மிட்டன் 1861ஆம் ஆண்டில் இமயமலைப் பகுதியிலிருந்து லெபிடோசியா என்னும் லிவர்வொர்ட் பேரினத்தின்கீழ் விவரித்த ஒரு சிற்றினமும் பின்னர் டகாக்கியா என அறியப்பட்டது. பல்லமைப்பால் மாஸ்களைப் பகுத்த அதே அறிஞர், காப்சூல் இல்லாத மாதிரியில் மாஸை அடையாளம் காண இயலாமற் போனது கருதத்தக்கது.

அலூஷியன் தீவுகளில் காப்சூல் தாங்கிய டகாக்கியா கண்டெடுக்கப்பட்டு, 1993ஆம் ஆண்டில் ஸ்மித், டேவிசன் ஆகியோரால் விவரிக்கப்பட்டது. காப்சூலில் மையத்தூண் இருந்தது. லிவர்வொர்ட்டுகளுக்குரிய எலேட்டர்கள் இல்லை. காப்சூல் முதிருமுன்னரே சீட்டா நீண்டிருந்தது. லிவர்வொர்ட்டுகளில் காப்சூல் முதிர்ந்தபின்னரே சீட்டா நீளும். திருகுபோன்ற ஒற்றைப் பிளவால் அக்காப்சூல் திறந்தது. இச்சான்றுகளால் டகாக்கியா மாஸ்களுக்கு மாற்றப்பட்டது, பின்வந்த டி.என்.ஏ. ஆய்வுகள் அதை உறுதிசெய்தன. இங்கே பற்களே இல்லை என்பதை மறத்தலாகாது. தீர்ப்பளித்தவை காப்சூலின் உள்ளமைப்பும் அது வளரும் கால ஒழுங்குமே.

காப்சூல் ஏமாற்றிய இடம்: ஃபூனேரியா குடும்பம்

இதற்கு மறுதலையான சான்று, இந்தியப் பல்கலைக்கழக மாணவர்கள் மாதிரித் தாவரமாகப் பயிலும் ஃபூனேரியாவின் குடும்பத்திலேயே உள்ளது. 1801ஆம் ஆண்டு நூலில் ஹெட்விக் இக்குடும்பத்தின் மூன்று மாஸ்களை மூன்று வேறிடங்களில் வைத்தார். இரட்டைப் பல்வரிசை கொண்டது ஃபூனேரியா ஹைக்ரோமெட்ரிகா. பல்லின்றி மூடி மட்டும் கொண்டது கிம்னோஸ்டோமம் பைரிஃபார்மி. பல்லும் மூடியும் இல்லாதது ஃபாஸ்கம் பேட்டன்ஸ். பின்னவை இரண்டும் முறையே ஃபிஸ்கோமிட்ரியம், ஃபிஸ்கோமிட்ரெல்லா எனப் பெயர்மாறி ஃபூனேரியா குடும்பத்தில் சேர்ந்தன. ஆயினும் பேரின எல்லைகள் காப்சூலின் சிக்கல் அளவைக் கொண்டே வகுக்கப்பட்டன.

இவ்வெல்லைகள் குறித்த ஐயம் 1920களிலேயே எழுந்தது. ஃபிரிட்ஸ் ஃபொன் வெட்ஸ்டைன் இப்பேரினங்களுக்கிடையே கலப்பினங்களை உருவாக்கிக் காட்டினார். 2012ஆம் ஆண்டில் லியூ, பட்கி, கோஃபினெட் ஆகியோர் வெளியிட்ட டி.என்.ஏ. ஆய்வு, வித்தகத் தாவரத்தை அடிப்படையாகக் கொண்ட இக்குடும்பத்தின் வகைப்பாட்டை ஏற்க இயலாது எனக் காட்டியது. எளிய காப்சூல் ஒரே மூதாதையிடமிருந்து வந்ததன்று. வெவ்வேறு கிளைகளில் ஒருமுறைக்கு மேல் தனித்தனியே தோன்றியுள்ளது. ஃபிஸ்கோமிட்ரெல்லா பேட்டன்ஸ் இன்று ஃபிஸ்கோமிட்ரியம் பேட்டன்ஸ் என வழங்கப்படுகிறது. 2008ஆம் ஆண்டில் மரபணுத்தொகுதி வெளியிடப்பட்ட முதல் மாஸ் இதுவே என்பதால், இப்பெயர் மாற்றம் வகைப்பாட்டாளர்களைக் கடந்தும் உணரப்பட்டது.

இவ்விழப்பு ஏன் மீண்டும் மீண்டும் நிகழ்கிறது? விடை பற்களின் செயலில் உள்ளது. பற்கள் வித்துகளைக் காற்றில் அளவோடு விடுவிக்கும் கருவி. ஃபிஸ்கோமிட்ரியம் பேட்டன்ஸ் நீர் வற்றிய குளங்களின் ஈரச்சேற்றில் குறுகிய காலமே வாழ்வது. அதன் காப்சூல் காம்பின்றி இலைகளுக்கிடையே ஒடுங்கி, சுவர் சிதைந்தே வித்துகளை விடுவிக்கிறது. அங்கே காற்றுக்கான கருவிக்குத் தேவை குறைவு. பயனற்ற உறுப்பு எந்தக் கிளையிலும் மறையலாம். மறைந்தபின் எல்லா இன்மைகளும் ஒன்றுபோலவே தோன்றும். அமைந்த பல்லில் அது உருவான வழியின் தடம் உண்டு. இல்லாத பல்லில் அத்தடம் இல்லை.

தென்னிந்திய மலைகளும் மாதிரி சேகரிப்பும்

தென்னிந்திய மாஸ் ஆய்வு பெரிதும் உலர்மாதிரிகளின்மேல் எழுந்தது. பெரோத்தே நீலகிரியில் திரட்டியவற்றை மோன்டாஞ் 1842ஆம் ஆண்டில் விவரித்தார். மிட்டனின் 1859ஆம் ஆண்டுத் தொகுப்பு அதை விரிவாக்கியது. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் வாழ்ந்த இயேசு சபைத் துறவி ஜார்ஜ் ஃபோரோ பழனி மலையின் மாஸ்களைப் பல ஆண்டுகள் சேகரித்தார். அவருடைய தொகுப்பு 1961ஆம் ஆண்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளிவந்தது. மூடி கழன்ற முதிர்ந்த காப்சூல் கொண்ட மாதிரியே இத்தகைய பணிகளுக்கு உயர்ந்த மாதிரி. ஃபிலிபேரின் முறைக்கு அது போதும்.

வளர்ச்சிநிலை ஆய்வுக்கு அது போதாது. முதன்மையடுக்கும் உள்ளடுக்கும் பகுவது காப்சூல் இன்னும் பச்சையாக, ஊசிபோல் மெலிந்திருக்கும் நிலையில்தான். உலர்ந்த முதிர்காப்சூலில் கரைந்த சுவர்களை மீட்க இயலாது. ஆகவே, ஒரே திட்டிலிருந்து இளநிலை முதல் முதிர்நிலை வரையிலான காப்சூல்களை உடனே நிலைப்படுத்திப் பாதுகாப்பதும், அதே திட்டின் ஒரு பகுதியை டி.என்.ஏ. ஆய்வுக்கென ஒதுக்குவதும் தேவை. நீலகிரியிலும் பழனியிலும் ஃபூனேரியா எளிதில் கிட்டுவதால், இதற்கான பயிற்சியைக் கல்லூரி ஆய்வகத்திலேயே தொடங்கலாம்.

முடிவுரை

மாஸ் காப்சூலின் வகைப்பாட்டு வரலாறு, ஒரே உறுப்பிடம் கேட்கப்பட்ட மூன்று வினாக்களின் வரலாறு. பற்கள் எத்தனை என்று ஹெட்விக் கேட்டார். அவ்வினா பேரினங்களை அடையாளம் காண உதவியது, உறவை அறிய உதவவில்லை. பல் எதனால் ஆனது என்று மிட்டனும் ஃபிலிபேரும் கேட்டனர். அது பெருங்குழுக்களை வெளிப்படுத்தியது. பல் எவ்வாறு உருவாகிறது என்று பிற்காலத்தவர் கேட்டனர். அது முன்னைய இரு விடைகளுக்கும் காரணம் கூறியது.

டி.என்.ஏ. ஆய்வுகள் இவ்வரலாற்றை அழித்துவிடவில்லை. ஒற்றைச்செதில் மாஸ்கள் டைக்ரனிடே என்றும், அகப்பற்கள் மாறி நிற்கும் இரட்டைச்செதில் மாஸ்கள் பிரையிடே என்றும் துணைவகுப்புகளாக இன்றும் நிற்கின்றன. நுண்ணோக்கி ஒன்றைக் கொண்டு ஃபிலிபேர் கண்ட பகுப்பு, அவர் அறிந்திராத சான்றால் உறுதிப்பட்டது. வீழ்ந்தவை, பல்லின் இன்மையையும் காப்சூலின் எளிமையையும் உறவாகக் கொண்ட குழுக்களே. தோற்றத்தில் ஒத்தவை பிறப்பில் ஒத்தவை ஆகா என்பதும், இன்மையில் ஒத்தவை அவ்வளவுகூட ஆகா என்பதும் காப்சூல் வகைப்பாட்டியலுக்குத் தந்துள்ள பாடங்கள். ஒரு பண்பை வகைப்பாட்டுச் சான்றாக முன்வைக்கும் எந்த ஆய்வும், அப்பண்பு உருவாகும் வழியை அறிந்தபின்னரே அதற்கு மதிப்பிடுதல் தகும்.